பள்ளிப் பருவத்துக் காய்ச்சலும் நமது கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஒரு காய்ச்சலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கே இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் கல்வியையும் உடல்நலத்தையும் பிரித்துப் பார்த்தவர் அல்லர். 1907-ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். அண்ணல் அம்பேத்கர் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வரை இளம்பருவத்திலேயே இழந்தவர். உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகங்களில் பயின்ற பேரறிஞரின் வீட்டுக்கே அந்நிலை நேர்ந்தது என்றால், ஏழைக் குடிசைகளின் கதையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நான் கூறப் புகும் நோய் பெரும்பாலும் 5 வயது முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளையே பற்றுகிறது. அதாவது, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் நாள் வரை. இந்நோய்க்கும் பள்ளிக்கூடத்திற்கும் வயது ஒன்றே. ஆகவே ஆசிரியனாகிய நான் இதைப் பேசாமலிருப்பதே பிழையாகும்.

இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். மூட்டுவாதக் காய்ச்சல் என்றும் கூறுவர். இது தொண்டையில் தொடங்கி, மூட்டுகளில் தங்கி, இதயத்தில் குடியேறும் நோய். மூட்டுகளைத் தடவிவிட்டுப் போகும் இந்நோய், இதயத்தைக் கடித்துவிட்டுப் போகும் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. மூட்டு வலி சில வாரங்களில் சுவடின்றி மறைந்துவிடும். இதய வால்வில் விழுந்த வடு மறைவதில்லை.

இது உண்டாகும் முறையை முதலில் அறிந்துகொள்வோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமிகளில் ‘ஏ’ பிரிவைச் சேர்ந்தது குழந்தையின் தொண்டையைத் தாக்குகிறது. திடீரென்று காய்ச்சல் அடிக்கும். விழுங்கினால் வலிக்கும். கழுத்தின் முன்புறத்தில் நெறி கட்டும். தொண்டையின் இருபுறத்துச் சதைகளும் சிவந்து, சில வேளைகளில் வெண்மையான சீழ் படிந்திருக்கும். மூக்கு ஒழுகி, தும்மி, இருமி வருகிற சாதாரணச் சளியினின்று இது வேறுபட்டது. நான்கைந்து நாட்களில் தொண்டை வலி தானாகவே தணிந்துவிடும். குழந்தை மீண்டும் விளையாடப் போகும். பெற்றோரும் அதை மறந்துவிடுவர்.

உடல் மறப்பதில்லை. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய காப்புப் பொருள்கள், அக்கிருமியின் சாயல் கொண்ட நம் சொந்தத் திசுக்களையே பகையென்று கருதித் தாக்கத் தொடங்குகின்றன. திருடனைப் பிடிக்கப் போன காவலர், அவனைப் போலத் தோற்றமுள்ள வீட்டுக்காரனையே அடிப்பது போன்ற ஆள்மாறாட்டம் இது. பெரும்பாலும் தொண்டை வலி வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னரே இது நிகழ்கிறது. தொண்டைக்கும் முழங்காலுக்கும் இடையே இத்தனை நாள் இடைவெளி இருப்பதால், முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள தொடர்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி, இந்நோயைக் கண்டறியும் விதத்திற்கு வருகிறேன். இளைஞர்கள் இப்பகுதியைச் சற்று உன்னிப்பாகக் கேட்க வேண்டுகிறேன்.

மலேரியாவுக்கு இரத்தத்தில் கிருமியைக் காட்டலாம். காசநோய்க்குச் சளியில் காட்டலாம். ருமாட்டிக் காய்ச்சலுக்கு இப்படி ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லும் தனியொரு சோதனை கிடையாது. பல குறிகளைக் கூட்டிப் பார்த்தே மருத்துவர் முடிவுக்கு வர வேண்டும். அதற்கான முறையை 1944-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் வகுத்தார். பலமுறை திருத்தப்பட்டு, 2015-இலும் திருத்தம் பெற்று, அது இன்றளவும் ஜோன்ஸ் அளவுகோல் என்ற பெயரிலேயே வழங்குகிறது.

அதில் பெருங்குறிகள் ஐந்து.

முதலாவது, மூட்டு வீக்கம். முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு ஆகிய பெரிய மூட்டுகளில் ஒன்று வீங்கிச் சிவந்து, தொட்டால் அலறும்படி வலிக்கும். ஓரிரு நாளில் அது தணிந்து வேறொரு மூட்டுக்குத் தாவும். இவ்வாறு தாவித் தாவிச் செல்வதே இதன் தனி அடையாளம்.

இரண்டாவது, இதய அழற்சி. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும். படுத்தால் மூச்சு முட்டும். உறங்கும்போதுகூட நாடி வேகமாக ஓடும். சில குழந்தைகளுக்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாது. காதுக்குப் புலப்படாத பழுதையும் எக்கோ சோதனை காட்டிவிடும் என்பதால், இந்நோய் உள்ளதோ என ஐயம் எழுந்தால் எக்கோ எடுப்பது இன்றியமையாதது.

மூன்றாவது, கொரியா என்னும் நடுக்கம். கை, கால், முகம் ஆகியவை குழந்தையின் விருப்பமின்றித் தாமே துள்ளும். இதைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவேன்.

நான்காவது, தோலில் வளையம் வளையமாகப் பரவும் செந்நிறத் தடம். இது அரிதாகவே வரும். நம்மைப் போன்ற கருநிறத்தோரின் தோலில் எளிதில் புலப்படவும் செய்யாது.

ஐந்தாவது, முழங்கை, முழங்கால், விரல் கணு, முதுகெலும்பு ஆகியவற்றின் மேல் தோலுக்கடியில் தோன்றும் வலியற்ற சிறு முடிச்சுகள்.

சிறுகுறிகளாவன: காய்ச்சல், வீக்கமில்லாத மூட்டு வலி, இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. உயர்ந்திருத்தல், ஈ.சி.ஜி.யில் ஒரு குறிப்பிட்ட இடைவெளி நீண்டிருத்தல். அண்மையில் தொண்டையில் அக்கிருமி தாக்கியதற்கான சான்றும் வேண்டும். ஏ.எஸ்.ஓ. என்னும் இரத்தச் சோதனை அதற்கு உதவும். அச்சான்றுடன் பெருங்குறிகள் இரண்டு இருந்தாலும், அல்லது பெருங்குறி ஒன்றும் சிறுகுறிகள் இரண்டும் இருந்தாலும், ருமாட்டிக் காய்ச்சல் என்று மருத்துவர் கொள்வார். கொரியா மட்டும் இதற்கு விலக்கு. வேறு காரணங்களால் வந்ததன்று என்று தெளிவானால், அது ஒன்றே போதுமானது. நோய் மிகுந்த பகுதிகளில் வாழ்வோருக்கு 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அளவுகோலைச் சற்றுத் தளர்த்தியது. அத்தகைய இடங்களில் ஒரே மூட்டு வீங்கினாலும், வீக்கமின்றிப் பல மூட்டுகள் வலித்தாலும், வேறு நோயில்லை என்று கண்டபின் அதைப் பெருங்குறியாகவே கொள்ளலாம்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யுமாறு நான் கூறவில்லை. முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. சிக்குன்குன்யா, எலும்பில் பற்றும் கிருமி, இரத்தப் புற்று ஆகியவையும் காய்ச்சலோடு மூட்டு வலியை உண்டாக்கும். நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றுதான். இந்தக் குறிகளுள் எத்தனை குறிகள் மருத்துவமனைக்கு வெளியே, நம் கண்முன்னே நிகழ்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தொண்டை வலி வந்தது என்றைக்கு? எந்த மூட்டு முதலில் வீங்கியது? அது தணிந்தபின் எந்த மூட்டு? கை துள்ளத் தொடங்கியது எப்போது? இவற்றை மருத்துவர் பார்த்திருக்க முடியாது. தாயும் ஆசிரியரும் பார்த்திருக்கிறார்கள். நாம் சரியாகச் சொன்னால் அவர் சரியாகக் கண்டறிவார். “இரண்டு மூன்று நாளாகக் காய்ச்சல்” என்று மட்டும் சொல்லி நின்றால், ஒரு மாத்திரையோடு திரும்ப வேண்டியதுதான்.

அந்த மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். இந்நோயில் வரும் மூட்டு வலி ஆஸ்பிரின் போன்ற வலிநீக்கி மருந்துகளுக்கு மிக விரைவில் கட்டுப்படும். கடையில் தாமாக வாங்கிக் கொடுத்தால், முதல் மூட்டோடு வலி நின்றுபோய், தாவிச் செல்லும் அடையாளமே மறைந்துவிடும். காய்ச்சலுள்ள குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுப்பது வேறு வகையிலும் ஆபத்தானது. வீங்கிய மூட்டைச் சுளுக்கென்று கருதி நீவிவிடுவதும், ‘வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி’ என்று தள்ளிவிடுவதும் அதே போன்ற தவறுகளே. வளரும் பருவத்து வலி மூட்டை வீங்கச் செய்யாது. காய்ச்சலையும் கொண்டுவராது.

இப்போது கொரியாவைப் பற்றிக் கூறுகிறேன். இதைக் கூறுவது எனக்கு எளிதன்று.

1999-ஆம் ஆண்டில் நான் இளம் பட்டதாரி ஆசிரியன். ஏழாம் வகுப்பில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு சிறுமி படித்தாள். வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது அந்தக் கையெழுத்து கோழி கிளறியது போல் ஆகியிருந்தது. சத்துணவுக் கூடத்தில் தட்டை நழுவவிட்டாள். என்னைப் பார்த்து முகத்தைக் கோணினாள். மாணவர்கள் சிரித்தனர். எனக்குச் சினம் வந்தது. கையை நீட்டச் சொன்னேன். நீட்டிய கை நிலையாக நிற்கவில்லை. அதையும் குறும்பென்றே கொண்டேன். அடித்தேன். அழுதுகொண்டே வெளியில் நின்றாள். பின்னர்ப் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அவள் தந்தை கூலித் தொழிலாளி. முனி அடித்திருக்கும் என்று எண்ணி மந்திரிக்க அழைத்துச் சென்றார். இரண்டு மூன்று மாதங்களில் நடுக்கம் நின்றது. மந்திரம் பலித்தது என்று அவர் மகிழ்ந்தார். கண்டிப்பு பலித்தது என்று நான் எண்ணினேன். கொரியா பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கும் நோய் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. உள்ளே இதய வால்வு பழுதாகிக்கொண்டிருந்ததும் தெரியாது.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. மணமாகி முதற் கருவைச் சுமந்த ஆறாம் மாதத்தில், படுக்க முடியாமல் மூச்சுத் திணறி அவள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். கருவுற்ற காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு பெருகுவதால், அதுவரை மறைந்திருந்த வால்வுச் சுருக்கம் அப்போதுதான் வெளிப்படுவதுண்டு. “சிறுவயதில் கை கால் தானாக ஆடியதா?” என்று மருத்துவர் கேட்டாராம். தாய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

செய்தி அறிந்து பார்க்கச் சென்றேன். அவள் எழுந்து உட்கார முயன்று, “சார், அப்போது நான் வேண்டுமென்று செய்யவில்லை சார்” என்றாள். அத்தனை ஆண்டுகளாக அதை என்னிடம் சொல்லக் காத்திருந்தாள் போலும். நான் என்ன விடை கூறினேன் என்பது நினைவில்லை. அவள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

ஆகவே ஆசிரியர்களுக்கும், மாலை நேரப் பாடம் நடத்தும் நம் இளைஞர்களுக்கும் சொல்கிறேன். நன்றாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து திடீரெனக் கெட்டால் பிரம்பைத் தேடாதீர்கள். சென்ற மாதத்து நோட்டையும் இந்த மாதத்து நோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிள்ளையின் கையில் உங்கள் இரு விரல்களைக் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். பால் கறப்பது போலப் பிடி இறுகியும் தளர்ந்தும் மாறினால் அது நோயின் குறி. நாக்கை நீட்டி வைத்திருக்கச் சொன்னால் நாக்கு உள்ளே போய்ப் போய் வரும். காரணமின்றி அழும், சிரிக்கும். உறக்கத்தில் துள்ளல் நின்றுவிடும். பெண் குழந்தைகளுக்கே இது மிகுதி. தொண்டை வலி வந்து மாதக்கணக்கில் கழிந்த பின்னும் வரக்கூடும். அந்த நோட்டுகள் இரண்டையும் பெற்றோரிடம் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். அவை எந்தச் சோதனைச் சீட்டுக்கும் குறைந்தவை அல்ல.

கண்டறிந்தபின் என்ன செய்வது? இங்கேதான் நம்பிக்கை பிறக்கிறது. 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பென்சிலினுக்கு இந்தக் கிருமி இன்றும் அடங்கியே இருக்கிறது. தொண்டை வலி தொடங்கிய ஒன்பது நாட்களுக்குள் முறையான மருந்து கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் வராமலே தடுக்கலாம். மாத்திரை என்றால் பத்து நாள் முழுவதும் விழுங்க வேண்டும். மூன்றாம் நாள் வலி போயிற்றென்று நிறுத்தக் கூடாது.

ஒருமுறை இந்நோய் வந்த குழந்தைக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு மிகுதி. ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் பழுதாகும். மழையில் ஊறிப் பருத்த கதவு முழுதும் திறக்காமலும் முழுதும் மூடாமலும் நிற்பது போல, இதயத்தின் இடப்புறத்து ஈரிதழ் வால்வு நின்றுவிடும். இதைத் தடுக்க, பென்சாத்தீன் பென்சிலின் ஊசியை 21 நாட்களுக்கு ஒருமுறை போட வேண்டும். எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கு 6 இலட்சம் யூனிட், மற்றவர்களுக்கு 12 இலட்சம் யூனிட் என்பது வழக்கம். இதயம் பாதிக்கப்படாவிட்டால் குறைந்தது ஐந்தாண்டுகள், பள்ளிப் பருவம் முடியும் வரையிலும் போட வேண்டும். வால்வு பழுதானவர்களுக்கு நாற்பது வயது வரையிலும், சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். எத்தனை ஆண்டு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பென்சிலின் ஒவ்வாதவர்களும் உண்டு. ஆகையால், ஒவ்வாமை நேர்ந்தால் உடனே கவனிக்கும் வசதியுள்ள மருத்துவமனையிலேயே இதைப் போட வேண்டும். ஒவ்வாதவர்களுக்கு மாற்று மருந்து இருக்கிறது.

இந்த ஊசி வலிக்கும். குழந்தை அழும். அன்றைய கூலியை விட்டுத் தாய் உடன் வர வேண்டும். பிள்ளையோ நலமாக ஓடியாடிக்கொண்டிருக்கும். நோயே தெரியாத பிள்ளைக்கு ஊசி எதற்கு என்ற எண்ணம் வரும். இரண்டு தவணை தவறும்; பிறகு அடியோடு நின்றுபோகும். நம் பிள்ளைகளை நாம் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மருந்து விலையுயர்ந்ததன்று, கிடைத்தற்கரியதும் அன்று. நாள் தவறாமைதான் அரிதாக இருக்கிறது.

வால்வு பழுதானவர்களுக்கும் வழியில்லாமல் இல்லை. சுருங்கிய வால்வைப் பலூன் கொண்டு விரிக்கலாம். மாற்று வால்வு பொருத்தலாம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இந்திய வால்வு 1990-ஆம் ஆண்டிலேயே மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இதய அறுவை மருத்துவம் பெறலாம். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி பள்ளிகளுக்கு வந்து பரிசோதிக்கும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நோய்களுள் ருமாட்டிக் இதய நோயும் ஒன்று. அந்தக் குழு வரும் நாளில் நம் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பள்ளிக்கு வராமலிருக்கக் கூடாது.

இந்நோய் ஏன் நம்மைத் தேடி வருகிறது என்பதையும் எண்ண வேண்டும். கிருமி இருமலிலும் மூச்சிலும் பரவுகிறது. ஓர் அறையில் ஏழு பேர் படுத்தால் ஒருவர் தொண்டையிலிருந்து எழுவர் தொண்டைக்கும் போகும். மேலை நாடுகளில் பென்சிலின் வருவதற்கு முன்னரே, வீடும் காற்றும் உணவும் சீர்பட்டபோதே இந்நோய் குறையத் தொடங்கிற்று. செல்வ நாடாகிய ஆஸ்திரேலியாவில் இன்றும் இந்நோய் பழங்குடி மக்களிடையே மிகுந்திருக்கிறது. நியூசிலாந்தில் மாவோரி மக்களிடையேயும், பசிபிக் தீவுகளிலிருந்து வந்து குடியேறியோரிடையேயும் மிகுந்திருக்கிறது. நாட்டின் செல்வம் நோயைத் தடுப்பதில்லை. அச்செல்வம் எந்தத் தெரு வரை வந்தது என்பதே தடுக்கிறது. நம் முன்னோருக்கு ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நிலம் பெருகவில்லை. அதில் குடும்பங்கள் பெருகின. கிருமி சாதியை அறியாது. சாதி ஒதுக்கிய இடநெருக்கடியை அது நன்கறியும். ஆகவே மனைப் பட்டாவுக்கும், காற்றோட்டமுள்ள வீட்டுக்கும் நாம் எழுப்பும் கோரிக்கை, நம் குழந்தைகளின் இதயத்திற்கான கோரிக்கையுமாகும். 2018-ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை இந்நோயை ஒழிக்க நாடுகள் முயல வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானம் நம் தெருவுக்கு வந்து சேர நாமும் கை கொடுக்க வேண்டும்.

கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கட்டும். பிள்ளைக்குத் தொண்டை வலியோ காய்ச்சலோ மூட்டு வலியோ வந்தால் நாளையும் இடத்தையும் அதில் குறிக்க வேண்டும். எழுதத் தெரியாத தாய்க்கு எழுதித் தருவது நம் மாலைப் பள்ளி மாணவரின் கடமை. மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டும் உடன் போக வேண்டும்.

இரண்டு: நம் குடியிருப்புகளில் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கென்று கழகம் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். பள்ளியில் வருகைப் பதிவேடு இருப்பது போல இதற்கு 21-ஆம் நாள் பதிவேடு. நாள் வரும்போது இளைஞர் ஒருவர் அவ்வீட்டின் கதவைத் தட்ட வேண்டும். தாய் வேலைக்குப் போயிருந்தால் அவர் இசைவோடு உடன் செல்ல ஒரு துணை வேண்டும்.

மூன்று: பிள்ளையின் நடத்தையில் திடீர் மாற்றம் கண்டால், தண்டிக்கும் முன் ஏன் என்று கேட்க வேண்டும். இதை ஆசிரியர்கள் சார்பில் எனக்கு நானே இட்டுக்கொண்ட கட்டளையாகவும் கொள்ளுங்கள்.

இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம். அவர்களைப் பட்டம் பெறும் நாள் வரை உயிரோடும் நல்ல இதயத்தோடும் காப்பதும் கல்விப் பணியே ஆகும். அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்திற்குக் கோடு போட்டுத் தரும் வேலையை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.